பிரசவ வலியின்போது ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மருத்துவர் நான். வலியோடு படுத்திருக்கும் பெண்ணின் கட்டிலருகே ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாலே, அவருக்கும் கூட நிற்பவர்களுக்கும் முகம் மாறிவிடும். "ஏதாவது பிரச்சினையா டாக்டர்?" என்றுதான் முதல் கேள்வி வரும். அந்த நேரத்தில் உட்கார்ந்து விளக்க முடிவதில்லை. அதனால், திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். வலி வருவதற்கு முன்பே படித்து வைத்துக்கொண்டால் நல்லது.

வலியே வந்தாச்சு, இப்ப எதுக்கு ஸ்கேன்? எல்லா ஸ்கேனும் முன்னாடியே எடுத்தாச்சே?

கர்ப்ப காலத்தில் எடுத்த ஸ்கேன் வேறு, இது வேறு. அப்போது பார்த்தது குழந்தையின் வளர்ச்சி, உறுப்புகள், நஞ்சுக்கொடி, பனிநீர். இப்போது பார்ப்பது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்: தலை இடுப்புக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. போன வாரம் எடுத்த ஸ்கேன் இதைச் சொல்லாது. வலி வந்த பிறகு இவை இரண்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

மெஷின் வந்துவிட்டதால் ஆபத்து வந்துவிட்டது என்று பொருள் இல்லை. பெரும்பாலும், அடுத்து காத்திருக்கலாமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்க ஒரு தெளிவு தேவைப்பட்டிருக்கும். அவ்வளவுதான்.

அதான் கையை விட்டுப் பார்க்கிறீங்களே, அதுல தெரியாதா?

பெரும்பாலான பிரசவங்களில் அதிலேயே தெரிந்துவிடும். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, பனிக்குடம் உடைந்ததா, தலை எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் இரண்டு விரல்கள் சொல்லும். இடுப்பின் இரு பக்கமும் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைகள்தான் எங்களுக்கு அடையாளம். தலை அந்த மட்டத்துக்கு வந்தால் பூஜ்யம். அதற்கு மேலே இருந்தால் மைனஸ், கீழே வந்தால் பிளஸ்.

ஆனால் விரல்நுனி உணர்வு ஆளுக்கு ஆள் மாறும். 2005-ல் பிரான்சில் ஒரு சோதனை நடத்தினார்கள். தலை எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்த ஒரு பொம்மை இடுப்பை வைத்து மருத்துவர்களைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். தலை மேலே இருக்கிறதா, நடுவிலா, கீழேயா என்ற மேலோட்டமான கேள்விக்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு முறை தவறான பதில் வந்தது. பயிற்சியில் இருந்தவர்களுக்கும் அனுபவசாலிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எத்தனை பெண்களிடம் இந்த விரல்களை நம்பிப் பேசியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

வயித்துல பெல்ட் கட்டி துடிப்பு பார்க்கிறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. பெல்ட்டில் இருக்கும் கருவியும் ஒலி அலையைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் அது குழந்தையின் இதயத்துடிப்பையும் வலி வந்து போகும் நேரத்தையும் தாளில் கோடாக வரையும். சிடிஜி என்பார்கள். குழந்தை வலியை எப்படித் தாங்குகிறது என்று அது சொல்லும், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லாது. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள் என்பதற்காகத் துடிப்பைக் கவனிப்பது நின்றுவிடாது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

எங்க வச்சுப் பார்ப்பாங்க? உள்ள விடுவாங்களா? வலிக்குமா?

இரண்டு இடங்களில் வைப்போம். முதலில் அடிவயிற்றில், பூப்பெலும்புக்குச் சற்று மேலே. முகம் எந்தப் பக்கம் என்று அதில் தெரியும். அடுத்து கால்களுக்கு நடுவே, வெளிப்புறத்தில். உள்ளே எதுவும் போகாது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் சிலருக்கு உள்ளே வைத்து எடுத்திருப்பார்கள், அந்த நினைவில் பலர் பயப்படுகிறார்கள். இது அந்த நீளமான புரோப் (உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) இல்லை. வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே வளைந்த புரோப்தான்.

புரோப்பின் முகத்தில் ஜெல் தடவி, சுத்தமான கையுறையை மாட்டி, மேலே மறுபடி கொஞ்சம் ஜெல் தடவுவோம். சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், அதனால் முதலில் சிறுநீர் கழிக்கச் சொல்வோம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கினால் போதும். சில்லென்று இருக்கும், ஓர் அளவு எடுக்கும்போது மட்டும் சற்று அழுத்துவோம். இரண்டையும் அனுபவித்த பெண்களிடம் கேட்ட ஆய்வுகளில், கைப் பரிசோதனையைவிட இதில் வலி குறைவு என்றே பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

திரையில என்னதான் தெரியுது? "கோணம் 110"-னு பேசிக்கிட்டாங்க, ஒண்ணும் புரியல.

கால்களுக்கு நடுவே புரோப்பை நெடுக்காக வைத்தால், திரையின் ஒரு பக்கம் நீள்வட்டமாக ஒரு வெள்ளை உருவம் தெரியும். அது பூப்பெலும்பின் நடு இணைப்பு. அதற்குப் பக்கத்தில் பிறைநிலா போல ஒரு பளிச்சென்ற வளைவு. அதுதான் குழந்தையின் மண்டையோடு. எலும்பின் நீளவாக்கில் ஒரு கோடு போடுவோம். அந்த எலும்பின் கீழ்முனையிலிருந்து மண்டையோட்டை உரசியபடி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் விழும் கோணம்தான் நீங்கள் கேட்டது. தலை இறங்க இறங்க இந்தக் கோணம் விரியும்.

கைப் பரிசோதனை பற்றிய பதிலில் சொன்ன எலும்பு முனைகள் இந்தப் படத்தில் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டு ஒப்பிட்டிருக்கிறார்கள்: சுமார் 116 பாகை என்றால் கையால் பார்க்கும்போது பூஜ்யம் என்று சொல்லும் இடம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10, 11 பாகை கூடும். 95 என்றால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் மேலே, 138 என்றால் இரண்டு சென்டிமீட்டர் கீழே. உங்கள் 110 என்பது நடுவழிக்குச் சற்று முன்னால். முதல் கட்டத்தில், அதாவது கர்ப்பப்பை வாய் இன்னும் திறந்துகொண்டிருக்கும் கட்டத்தில், இருந்தீர்கள் என்றால் அது நல்ல எண்தான்.

எனக்குக் கோணம் சொல்லல, "38 மில்லிமீட்டர்"-னு சொன்னாங்க. அது என்ன?

அது இன்னொரு அளவு. புரோப்பைக் குறுக்காகத் திருப்பி, யோனியின் கீழ் விளிம்பில் வைத்து, எலும்பு தடுக்கும்வரை அழுத்தி, அங்கிருந்து மண்டையோடு எவ்வளவு தூரம் என்று அளப்பது. நான் மேலே சொன்ன அழுத்தம் இதற்காகத்தான். குழந்தை வெளியே வர இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நேராக அளப்பது போல. எண் குறையக் குறைய நல்லது. சுமார் 35 முதல் 38 மில்லிமீட்டர் என்பது பூஜ்ய மட்டத்துக்குச் சமம். எடுப்பது சுலபம், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கும் சீக்கிரம் கைவரும். பிறப்புப் பாதை வளைந்து போவதால் நேர்க்கோட்டு அளவு முழுக் கதையையும் சொல்லாது, அதனால்தான் பலர் இரண்டையும் எடுக்கிறார்கள்.

அப்ப 120 வந்தா சுகப்பிரசவம், வராட்டி சிசேரியனா?

இல்லை. இந்தத் தவறான புரிதலைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பிரசவத்தில் முன்னேற்றம் மெதுவாக இருந்த 150 பெண்களை ஐரோப்பாவில் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். அளக்கும்போது தூரம் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்குள் இருந்தவர்களில் 7 சதவீதத்தினருக்குத்தான் சிசேரியன் ஆனது. 50-க்கு மேல் இருந்தவர்களில் 82 சதவீதம். கோணத்தில் பார்த்தால், 110-ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் 12 சதவீதம், 100-க்குக் கீழே இருந்தவர்களில் 62 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்: கோணம் குறைவாக இருந்தும் பத்தில் நான்கு பேர் போல யோனி வழியாகவே பெற்றிருக்கிறார்கள். எண் ஒரு வாய்ப்பைச் சொல்கிறது, தீர்ப்பைச் சொல்லவில்லை.

அப்புறம், ஒரே ஒரு அளவைவிட மாற்றம் முக்கியம். வலி ஆரம்பித்த புதிதில் 90 என்பது சாதாரணம். அதே 90, கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்து, இரண்டு மணி நேரம் முக்கிய பிறகும் அசையாமல் நின்றால், அது வேறு கதை. எண்ணை மட்டும் காட்டி யாராவது சிசேரியன் என்றால், "எவ்வளவு நேரமாக இப்படியே இருக்கிறது? குழந்தையின் துடிப்பு எப்படி இருக்கிறது?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

குழந்தை மேல பார்த்துட்டு இருக்குன்னு சொல்றாங்க. அது ஆபத்தா?

வழக்கமாகக் குழந்தை அம்மாவின் முதுகைப் பார்த்தபடி, பிடரி முன்பக்கமாக இருக்க வெளியே வரும். பிடரி பின்பக்கமாகவும் முகம் அம்மாவின் வயிற்றுப் பக்கமாகவும் இருந்தால் "மேலே பார்த்திருக்கிறது" என்கிறோம். தலை சற்று பெரிய அளவில் இடுப்பைக் கடக்க வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும், முதுகுவலி அதிகம் தெரியும்.

வலியின் ஆரம்பத்தில் இப்படி இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை வழியில் தாமாகவே திரும்பிவிடும். கடைசிவரை அப்படியே இருப்பவை எல்லாப் பிரசவங்களிலும் 5 சதவீதம் போலத்தான். அதனால் நான்கு சென்டிமீட்டர் திறந்திருக்கும்போது இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. முக்கும் கட்டத்தில் முன்னேற்றம் நின்றுபோனால்தான் இது பெரிய விஷயம்.

ஸ்கேன் மிகத் தெளிவாகப் பதில் சொல்லும் கேள்வி இதுதான் என்பது என் கருத்து. அடிவயிற்றில் குறுக்காக வைத்தால், இரண்டு கண்குழிகளும் இரண்டு கறுப்புக் கிண்ணங்கள் போல மேல்நோக்கித் தெரிந்தால், குழந்தை மேலே பார்க்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கையால் பார்க்கும்போது மண்டையோட்டு மூட்டுக்கோடுகளைத் தடவித்தான் சொல்ல வேண்டும். தலைத்தோல் வீங்கியிருந்தால் அது பெரும்பாடு.

கையில பார்த்தவங்க "தலை நல்லா இறங்கிடுச்சு"-ன்னாங்க, ஸ்கேன் பார்த்தவங்க "இன்னும் மேலதான்"-ன்னாங்க. யாரை நம்பறது?

இருவருமே பொய் சொல்லவில்லை. நீண்ட நேரம் வலி எடுக்கும்போது, குழந்தையின் தலைத்தோலில் நீர் கோத்து மெத்தை போல வீங்கும். மண்டையோட்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை நீண்டுவிடும். விரலுக்கு முதலில் தட்டுப்படுவது அந்த வீக்கம். அது கீழே வந்திருக்கும், எலும்பு வந்திருக்காது. பிறந்த குழந்தையின் உச்சியில் கூம்பு போல ஒரு புடைப்பைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

ஸ்கேனில் வீக்கமும் எலும்பும் தனித்தனியாகத் தெரியும். வளைந்த வெள்ளைக் கோடு எலும்பு, அதற்கு முன்னால் சாம்பல் நிறத்தில் தடித்திருப்பது வீக்கம். நாங்கள் கோட்டைத்தான் அளப்போம். இந்த ஒரு விஷயத்தில் நான் ஸ்கேனைத்தான் நம்புவேன்.

கர்ப்பப்பை வாய் எத்தனை விரல் திறந்திருக்குன்னும் இதுலயே பார்த்தா, கையே விட வேண்டாமே?

நியாயமான ஆசை. திறப்பையும் ஸ்கேனில் பார்க்க முயன்றிருக்கிறார்கள், ஆரம்ப கட்டத்தில் ஓரளவு தெரியவும் செய்கிறது. வாய் அகலமாகத் திறந்த பிறகு ஓரங்கள் சரியாகப் பிடிபடுவதில்லை. வாய் மென்மையாக இருக்கிறதா, தலைமேல் ஒட்டி நிற்கிறதா என்பதை விரல்தான் சொல்லும். அதனால் கைப் பரிசோதனை முழுதாக நின்றுவிடாது. எண்ணிக்கையைக் குறைக்கலாம். முதல் கட்டம் வேகம் பிடித்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தடவை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு. அடிக்கடி பார்த்தா கிருமி போகும்னு சொல்றாங்களே?

கைப் பரிசோதனைகள் அதிகமாக ஆக, கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை, குறிப்பாகப் பனிநீர் போன பிறகு. வெளியே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இந்த நேரத்தில் உண்மையிலேயே உதவும். தலை இறங்கியதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை தடவை ஸ்கேன் எடுத்தா குழந்தைக்குக் கதிர்வீச்சு படாதா?

இது எக்ஸ்ரே இல்லை. நம் காதுக்குக் கேட்காத ஒலி அலை போய்த் திரும்பி வருவதைப் படமாக்குவதுதான். கதிர்வீச்சே கிடையாது. ஒலி அலை திசுக்களை மிக லேசாகச் சூடாக்கக்கூடும் என்பதால், தேவையான நேரத்துக்கு மட்டும், தேவையான குறைந்த சக்தியில் பார்ப்பது விதி. ஓரிரு நிமிடப் பார்வை அந்த வரம்புக்குள் அடங்கும்.

பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்களுக்கு எடுத்தாங்க, எனக்கு எடுக்கவே இல்ல. என்னை சரியாகக் கவனிக்கலையா?

உங்கள் பிரசவம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஐஎஸ்யுஓஜி என்ற சர்வதேச மகப்பேறு அல்ட்ராசவுண்ட் அமைப்பு 2018-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதல் கட்டத்திலோ முக்கும் கட்டத்திலோ முன்னேற்றம் மெதுவாகும்போது அல்லது நிற்கும்போது, ஆயுதம் போடுவதற்கு (கருவி வைத்துக் குழந்தையை எடுப்பதற்கு) முன்பு, தலை கோணலாகவோ நிமிர்ந்தோ வருகிறதோ என்ற சந்தேகம் வரும்போது என்று நேரங்களைச் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் எடு என்று சொல்லவில்லை.

அதில் காரணமும் இருக்கிறது. பிரான்சில் சுமார் 1,900 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பிரசவ வலியின்போது தலையின் திசையை வழக்கமாகவே ஸ்கேனிலும் பார்த்தார்கள். அந்தக் குழுவில் சிசேரியன் 7.8 சதவீதம், கையால் மட்டும் பார்த்த குழுவில் 4.9 சதவீதம். குழந்தைகளின் நலத்தில் அதற்கேற்ற ஆதாயம் தெரியவில்லை. தானாகத் திரும்பியிருக்க வேண்டிய குழந்தையைப் படத்தில் பார்த்ததும் பொறுமை போயிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேள்வி இல்லாத இடத்தில் ஸ்கேன் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆயுதம் போட்டு எடுக்கணும்னு சொன்னப்ப மறுபடியும் ஸ்கேன் பார்த்தாங்க. அவசர நேரத்துல அது தேவையா?

தேவை என்றே சொல்வேன். வேக்குவம் என்றால், உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணத்தைத் தலையில் சரியான புள்ளியில் ஒட்ட வேண்டும். ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி என்றால் தலையின் இரு பக்கமும் சமமாகப் பிடிக்க வேண்டும். பிடரி எங்கே என்று தப்பாக நினைத்துவிட்டால் கிண்ணம் கழன்றுபோகும், காயம் படலாம். அயர்லாந்தில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், கையால் மட்டும் பார்த்தபோது 20 சதவீதம் பேரிடம் தலையின் திசை தவறாகக் கணிக்கப்பட்டது. ஸ்கேனும் சேர்ந்தபோது அது 1.6 சதவீதமாகக் குறைந்தது. முடிவெடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை ஆன நேரம் கூடவில்லை. அதே ஆய்வில் தாய்க்கும் குழந்தைக்கும் ஏற்பட்ட காயங்கள் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திசை தெரிவது ஒரு பாதி, எடுப்பவரின் கை மறு பாதி.

தூரம் 35 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வேக்குவம் பலிக்கும் வாய்ப்பு அதிகம். அதைவிட மேலே இருந்து, குழந்தை மேலே பார்த்தும் இருந்தால், வாய்ப்பு நன்றாகவே குறையும். அப்போது நேராக அறுவை அறைக்குப் போவதே மேல் என்று நாங்கள் முடிவெடுக்கலாம். ஒன்றை முயன்று தோற்று அப்புறம் இன்னொன்று என்பதுதான் அம்மாவுக்கும் குழந்தைக்கும் மிகவும் கஷ்டம்.

முக்கும்போது நானும் திரையைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், கேளுங்கள். முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் ஊசி போட்டிருந்ததால் எங்கே அழுத்தம் கொடுப்பது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. ஒரு மணி நேரம் முகம் சிவக்க முக்கியும் தலை நகரவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். அடுத்த வலி வந்தது. மூச்சைப் பிடித்து முக்கினார், அந்த வெள்ளை வளைவு கீழே வருவதற்குப் பதில் மேலே போனது. அவரே பார்த்துவிட்டார். "நான் இறுக்குறேன் டாக்டர், இல்ல?" என்றார். அடுத்த வலியில் தொடையைத் தளரவிட்டு, மலம் கழிப்பது போல மெதுவாகக் கீழே தள்ளினார். வளைவு விரல்கடை அளவு இறங்கி, வலி போன பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்கப்புறம் நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சிலர் முக்கும்போது தங்களை அறியாமலே இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கிவிடுகிறார்கள். வாயால் எத்தனை முறை சொன்னாலும் புரியாதது, கண்ணால் பார்த்தால் சில சமயம் ஒரே நொடியில் புரிந்துவிடுகிறது.

ஒருத்தர் 112-ன்னாங்க, பத்து நிமிஷத்துல இன்னொருத்தர் 118-ன்னாங்க. மெஷினே தப்பா?

மெஷின் தப்பில்லை. வலி இருக்கும்போது அளந்தால் கோணம் கூடும், வலி இல்லாதபோது குறையும். முக்கும்போது இன்னும் கூடும். கோடு போடும் இடம் சற்று நகர்ந்தாலும் சில பாகை மாறும். அதனால் சென்ற முறை எந்த நிலையில் அளந்தார்களோ அதே நிலையில் மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும். ஐந்தாறு பாகை வித்தியாசத்தை முன்னேற்றம் என்றும் சொல்லக்கூடாது, பின்னடைவு என்றும் சொல்லக்கூடாது.

நான் பிரசவம் பார்க்கப்போற இடத்துல இந்த வசதி இல்ல. வேற இடம் தேடணுமா?

இதற்காக மட்டும் மாற வேண்டாம். பொறுமையான, பழகிய கைகளும், குழந்தையின் துடிப்பைத் தவறாமல் கவனிப்பவர்களும், தேவைப்பட்டால் உடனே சிசேரியன் செய்யும் வசதியும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. பல இடங்களில் மெஷின் இருக்கும், இந்த அளவுகளை எடுக்கப் பழகியவர்கள் இருக்க மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "பிரசவம் நின்றுபோனால் தலையின் நிலையை ஸ்கேனில் பார்ப்பீர்களா?"

வேண்டாம்னு சொல்லலாமா? கூட இருக்கிற நான் என்ன கேட்கணும்?

சொல்லலாம். வேறு எந்தப் பரிசோதனையையும் போல, இதற்கும் அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். வலியின் நடுவே கேட்டால் தலையாட்டிவிடுவார், அதனால் வலி ஓயும்வரை காத்திருந்து கேட்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் திரைச்சீலை இழுத்திருக்கிறதா, தேவையில்லாதவர்கள் வெளியே போனார்களா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "இதில் என்ன தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" தலை இறங்கியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்போம், மேலேயே இருந்தால் இதைச் செய்வோம் என்று இரண்டு பக்கமும் பதில் வந்தால், அந்த ஸ்கேன் எடுக்க வேண்டிய ஸ்கேன்.